வீழ்ந்த மரமும் வாழும்

நுழையும்முன்

மரத்தை நடுவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வீழ்ந்துவிட்ட மரத்தை என்ன செய்வது என்பதைப் பற்றி அரிதாகவே பேசுகிறோம். புயலில் சாய்ந்த வேம்பும் முதுமையால் பட்டுப்போன வாகையும் பெரும்பாலும் அடுப்புக்கே போகின்றன. மரத்தின் இயல்பை அறிந்த ஒருவர் அருகில் இருந்தால் அவை கதவாகவும் பலகையாகவும் சிற்பமாகவும் இன்னொரு வாழ்வைப் பெறும். மரச்சிற்பக் கலைக்குப் பெயர் பெற்ற கள்ளக்குறிச்சி மண்ணை முன்வைத்து, வீழ்ந்த மரம் பலகையாகும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

மூன்று முடிவுகள்

வீட்டுக் கொல்லையில் முப்பது ஆண்டுகள் நிழல் தந்த வேப்பமரம் ஒன்று ஒரு மழை இரவில் வேரோடு சாய்கிறது. காலையில் அதைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. கிளைகளை வெட்டி வழியைச் சீராக்குகிறார்கள். அடிமரத்தை என்ன செய்வது என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

அந்த அடிமரத்துக்கு மூன்று முடிவுகள் உண்டு. கிடந்த இடத்திலேயே கிடந்தால் கரையானும் பூஞ்சையும் அதை மண்ணாக்கும். விறகுக்குப் போனால் சில நாள்களில் சாம்பலாகும். முறையாக அறுத்து உலர்த்தினால் பலகையாகி, மரம் நின்ற காலத்தைவிட நீண்ட காலம் வீட்டுக்குள் நிற்கும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம் ஆகும். மரம் காற்றிலிருந்து எடுத்துச் சேர்த்துவைத்த அந்தக் கரிமம், எரித்தால் உடனே காற்றுக்குத் திரும்புகிறது. கதவாகவும் நாற்காலியாகவும் மாறினால் அப்பொருள் இருக்கும்வரை அதற்குள்ளேயே தங்குகிறது.

மூன்று முடிவுகளுள் எது வாய்க்கும் என்பதை மரத்தின் தரம் மட்டும் முடிவுசெய்வதில்லை. மரம் வீழ்ந்த முதல் சில வாரங்களில், அதைப் பார்க்கும் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதே முடிவுசெய்கிறது. விறகாகப் பார்க்கும் கண்ணும் பலகையாகப் பார்க்கும் கண்ணும் வேறு வேறு. இரண்டாவது கண் ஓர் அறிவு. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு.

மலையும் உளியும்

2019ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை எழுந்து நிற்கிறது. கோமுகி, மணிமுக்தா ஆகிய ஆறுகள் அங்கே பிறந்து சமவெளிக்கு இறங்குகின்றன. மலையாளிப் பழங்குடியினர் அம்மலையில் வாழ்ந்து வருகின்றனர். காடும் வயலும் அடுத்தடுத்து அமைந்த இந்நிலத்தில் மரத்தோடு மக்களுக்குள்ள உறவு பழமையானது.

அந்த உறவின் நுட்பமான வடிவமே கள்ளக்குறிச்சி மரச்சிற்பம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் முதலிய பகுதிகளின் கைவினைஞர்கள் இறையுருவங்களையும் வேலைப்பாடு மிக்க கதவுகளையும் கோயில்களுக்குரிய மரப்பொருள்களையும் செதுக்கி வருகின்றனர். இக்கலைக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மலையின் மறுபக்கம் சேலம் மாவட்டத்தில் உள்ள தம்மம்பட்டியின் மரச்சிற்பமும் அதே குறியீட்டைப் பெற்றுள்ளது. அடுத்தடுத்த ஊர்களில் ஒரே கலை இருவேறு மரபுகளாகத் தழைத்திருப்பது இப்பகுதிக்குப் பெருமை தருவதாகும்.

புவிசார் குறியீடு ஒரு கலையின் பெயரைக் காக்கிறது. அந்தப் பெயரைப் பிறர் தவறாகப் பயன்படுத்தாமல் தடுக்கிறது. ஆனால், சிற்பத்துக்கு வேண்டிய மரத்தை அது தருவதில்லை. மரத்தைத் தேர்ந்தெடுக்கும் கண்ணையும் அறுக்கும் கையையும் அது உருவாக்குவதில்லை. சிற்பியின் உளி மரத்தைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். வெடித்த மரத்திலும் கோணிய பலகையிலும் எந்தச் சிற்பியாலும் நிலைத்த உருவத்தைப் படைக்க இயலாது. ஆகவே, சிற்பத்தின் கதை பட்டறையில் தொடங்குவதில்லை. மரம் வீழ்ந்த இடத்தில் தொடங்குகிறது.

அகக்காழும் புறக்காழும்

வீழ்ந்த மரத்தை அறுக்கும் முன் அதன் உள்ளமைப்பை அறிய வேண்டும். இவ்வறிவு தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியலில் நிலைத்திணைகள் இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. உள்ளே வன்மை உடையவை மரம் எனவும், வெளிப்புறத்தில் வன்மை உடையவை புல் எனவும் அங்கே வகுக்கப்பட்டுள்ளன. வன்மையைக் குறிக்கும் பழஞ்சொல் ‘காழ்’ என்பது. தேக்கும் வேம்பும் வாகையும் பலாவும் அகக்காழ் உடையவை. தென்னையும் பனையும் மூங்கிலும் புறக்காழ் உடையவை.

இன்றைய தாவரவியலின் ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டோடு இப்பழம் பகுப்பு பெரும்பாலும் ஒத்துப்போவதைக் காணலாம். மரம் அறுப்பவருக்கோ இது அன்றாடப் பாடம். அகக்காழ் மரத்தை அறுக்கும்போது நடுப்பகுதியை நோக்கிச் செல்லச் செல்ல உறுதி கூடுகிறது. புறக்காழ் உடைய தென்னையில் அது தலைகீழ். தென்னையின் வெளிவட்டத்திலிருந்தே உறுதியான பலகை கிடைக்கும். நடுப்பகுதி மென்மையாய்ச் சோறுபோல் இருக்கும். பழைய வீடுகளின் கூரையைத் தாங்கிய பனங்கைகள் பனையின் புறவயிரத்திலிருந்து எடுக்கப்பட்டவையே.

அகக்காழ் மரத்தின் குறுக்குவெட்டைப் பார்த்தால் இரு நிறங்கள் தெரியும். பட்டையை ஒட்டி வெளிறிய வளையம் இருக்கும். அது நீரைக் கடத்தும் உயிருள்ள பகுதி. தாவரவியலில் சாற்றுக்கட்டை எனப்படும். அதன் உள்ளே அடர்ந்த நிறத்தில் இருப்பது வைரக்கட்டை. அங்கே நீர்க்கடத்தல் நின்றுவிட்டது. பிசினும் எண்ணெயும் பிற வேதிப்பொருள்களும் படிந்து அப்பகுதியை உறுதியாக்கியுள்ளன. சாற்றுக்கட்டையில் மாவுச்சத்து தேங்கியிருப்பதால் வண்டுகள் அதைத் தேடி வருகின்றன. வைரக்கட்டையை அவை எளிதில் அணுகுவதில்லை. உழைத்து உரமேறிய முதியவரை ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று ஊரார் சொல்வது இந்த அறிவிலிருந்து பிறந்த வழக்கு.

குறுக்குவெட்டில் தெரியும் ஆண்டு வளையங்கள் மரத்தின் நாட்குறிப்பு போன்றவை. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் அவை தெளிவாக அமைவதில்லை. தேக்கிலும் சந்தன வேம்பிலும் தெளிவாகத் தெரியும். நல்ல மழை பெய்த ஆண்டின் வளையம் அகன்றும், வறண்ட ஆண்டின் வளையம் குறுகியும் இருக்கும். புனேவில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தென்னிந்தியத் தேக்கின் வளையங்களைக் கொண்டு கடந்தகாலப் பருவமழையை ஆராய்ந்துள்ளனர். அடுப்பில் எரியும் கட்டையோடு அத்தகைய குறிப்பேடு ஒன்றும் எரிந்துபோகிறது.

தெரிந்து தெளிவோம்: தேவதாருவும் சந்தன வேம்பும்

தேவதாரு இமயமலைச் சரிவுகளில் வளரும் ஊசியிலை மரம். அதன் மணமிக்க எண்ணெய் பூச்சிகளை விலக்கும், ஈரத்தையும் தாங்கும். காசுமீரத்தின் தால் ஏரியில் மிதக்கும் படகு வீடுகள் தேவதாருவால் கட்டப்பட்டவை. தமிழ்நாட்டுச் சமவெளியில் தேவதாரு இல்லை. ஆனால், ‘இந்தியச் செந்தேவதாரு’ என்று ஆங்கில வணிகப் பெயர் பெற்ற மரம் தென்னிந்தியாவில் உண்டு. அதுவே சந்தன வேம்பு. பெயரில் தேவதாரு இருந்தாலும் அது ஊசியிலை மரம் அன்று. நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. செந்நிறமும் மென்மணமும் உடைய அதன் பலகை, பெட்டிகளும் அறைகலன்களும் செய்ய ஏற்றது.

பட்டையிலிருந்து பலகைக்கு

வீழ்ந்த மரம் அமைதியாகக் கிடப்பதுபோல் தோன்றும். ஆனால், வளைந்து மண்ணில் அழுந்திய கிளைகள் வில்லைப்போல் விசையைத் தேக்கி வைத்திருக்கும். தவறான இடத்தில் வெட்டினால் கிளை விடுபட்டு வெட்டுபவரையே தாக்கும். எனவே, இப்பணி அனுபவம் மிக்கோர் செய்ய வேண்டியதாகும்.

கிளைகளை நீக்கிய பின், அடிமரத்தை வேண்டிய நீளத்துக்குத் துண்டிக்கிறார்கள். வளைவு உள்ள இடத்தில் துண்டித்தால் ஒவ்வொரு துண்டும் நேராக அமையும். துண்டித்த உடனே இரு முனைகளிலும் மெழுகையோ வண்ணப்பூச்சையோ பூசுகிறார்கள். மரத்தின் நீர்க்குழாய்கள் முனைகளில் திறந்திருப்பதால் நீர் அங்கே விரைந்து வெளியேறும். முனை உலர்ந்து சுருங்க, உட்பகுதி சுருங்காமல் இருக்க, இரண்டுக்கும் இடையிலான இழுபறியில் மரம் வெடிக்கும். பூச்சு அந்த வேகத்தைக் குறைக்கிறது. இரண்டு நாள் சோம்பலில் ஒரு நல்ல துண்டின் இரு முனைகளும் பயனற்றுப் போவதுண்டு.

அடுத்தது அறுவை. மின்விசை வருவதற்கு முன் மரம் அறுக்க இருவர் வேண்டும். குழியின் மேல் கிடத்தப்பட்ட மரத்தின்மீது ஒருவர் நிற்பார்; குழிக்குள் ஒருவர் நிற்பார். நீண்ட வாளின் இரு முனைகளையும் இருவரும் பற்றுவர். கரியோ காவியோ தோய்த்த நூலை மரத்தின்மீது இழுத்துக்கட்டிச் சுண்டினால் நேர்கோடு பதியும். மேலே நிற்பவர் அக்கோட்டைவிட்டு வாள் விலகாமல் பார்த்துக்கொள்வார். கீழே நிற்பவர் தலையில் மரத்தூள் கொட்டக் கொட்ட வாளை இழுப்பார். இருவரின் மூச்சும் ஒத்திசைந்தால்தான் பலகை ஒரே தடிமனில் வரும்.

இன்று ஊர்தோறும் மரவாடிகள் உள்ளன. அங்கே பட்டை வாள் பொருத்திய இயந்திரம் நொடிகளில் பலகையை அறுத்துத் தருகிறது. மரத்தை மரவாடிக்குக் கொண்டுசெல்ல வழியில்லாத இடங்களில், சங்கிலி வாளை ஒரு சட்டத்தில் பொருத்தி, மரம் கிடக்கும் இடத்திலேயே பலகையாக்கும் முறையும் பரவி வருகிறது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு விலை உண்டு. பட்டை வாள் ஓர் அறுப்பில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மரத்தையே தூளாக்கும். சங்கிலி வாள் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் மரத்தைத் தின்னும். ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். ஆகவே, சங்கிலி வாளால் ஓர் அங்குலப் பலகைகளை அறுக்கும்போது, ஏறக்குறைய மூன்று அறுப்புகளுக்கு ஒரு பலகை தூளாகப் போகிறது.

சாலையோர மரங்களை அறுப்பதில் இன்னோர் இடர் உண்டு. விளம்பரப் பலகைகளை மாட்ட அடித்த ஆணிகளை மரம் ஆண்டுக்கணக்கில் தன்னுள் மூடிக்கொள்கிறது. அறுக்கும்போது வாள் அந்த ஆணியில் மோதிப் பல் உடையும். அறுப்பவருக்கும் ஊறு நேரும். இதனாலேயே மரவாடிகள் சாலையோர மரத்தை ஏற்கத் தயங்குகின்றன. ஒருவர் ஒரு நாளில் அடித்த ஆணி, பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு மரத்தை விறகாக்கிவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்: கால்சுற்றளவுக் கணக்கு

உருண்டை மரத்தை அளக்க மர வணிகத்தில் ஓர் எளிய முறை உண்டு. மரத்தின் நடுப்பகுதிச் சுற்றளவை நூலால் அளந்து நான்கால் வகுக்க வேண்டும். அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்க வேண்டும். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி எனில், 48ஐ 4ஆல் வகுக்க 12 அங்குலம், அதாவது 1 அடி கிடைக்கும். 1 × 1 × 10 = 10 கன அடி. வடிவியல்படி கணக்கிட்டால் அம்மரத்தின் உண்மையான கன அளவு ஏறத்தாழ 12.7 கன அடி ஆகும். கணக்கில் வராத 2.7 கன அடியும் பட்டைக்கும் தூளுக்கும் விளிம்புத் துண்டுகளுக்கும் விடப்பட்ட கழிவு. உருண்டையைச் சதுரமாக்கும்போது இழப்பு உண்டு என்பதை உணர்ந்து அமைத்த கணக்கு இது.

உலர்த்தும் பொறுமை

அறுத்து முடித்ததும் பலகை ஆயத்தமாகிவிடுவதில்லை. பச்சை மரத்தில் உள்ள நீரின் எடை, உலர்ந்த மரப்பொருளின் எடையில் பாதியாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். முதலில் செல்களின் உள்வெளியில் நிற்கும் நீர் வெளியேறுகிறது. அப்போது எடை குறையும், அளவு மாறாது. ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு செல்சுவர்களுக்குள் இருக்கும் நீர் வெளியேறத் தொடங்குகிறது. அப்போதுதான் மரம் சுருங்குகிறது.

அச்சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒன்றுபோல் அமைவதில்லை. நீளவாக்கில் மரம் பெரும்பாலும் சுருங்குவதே இல்லை. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையின் சுருக்கத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு ஆகும். இந்த ஏற்றத்தாழ்வே பலகை கோணுவதற்குக் காரணம். நேராக அடுக்கடுக்காய் அறுத்த பலகைகளில் ஓரத்துப் பலகைகள் குழிந்து வளையும். மரத்தை நான்காகப் பிளந்து, வளையங்களுக்குக் குறுக்காகப் பலகை எடுத்தால் அது கோணாது, ஆனால், பலகையின் அகலம் குறையும், கழிவும் கூடும். அகலமா, நிலைத்தன்மையா என்பதை அறுப்பதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். கதவுக்குத் தேவையான பலகை வேறு. பெட்டிக்குத் தேவையான பலகை வேறு.

பலகையை உலர்த்த வீட்டிலேயே இடம் போதும். தரையிலிருந்து ஓரடிக்கு மேல் உயர்த்திய சமமான கட்டைகளின்மீது பலகைகளை அடுக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் ஒரே தடிமனுள்ள மெல்லிய சட்டங்களை வைக்க வேண்டும். மேலடுக்கின் சட்டம் கீழடுக்கின் சட்டத்துக்கு நேர்மேலே அமைய வேண்டும். இல்லையெனில் பாரம் தாங்காமல் பலகை வளையும். வெயிலும் மழையும் படாமல் மேலே கூரை வேண்டும். பக்கங்களில் காற்று உலவ வேண்டும். உச்சியில் கற்களைப் பாரமாக ஏற்ற வேண்டும். சித்திரை வெயிலில் நேரடியாகக் காயவைத்தால் விரைவில் உலரும் என்று எண்ணுவது இயல்பு. அவ்வாறு காயவைத்த பலகையின் மேற்பரப்பு மட்டும் உலர்ந்து வெடிக்கும்.

ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது காற்றில் உலர்த்துவோரிடம் வழங்கும் பொதுக்கணக்கு. மரத்தின் வகையும் ஊரின் காற்றும் இதைக் கூட்டும், குறைக்கும். பலகை உலர்ந்ததா என்பதை எடையைக் கொண்டு வீட்டிலேயே அறியலாம். ஒரு பலகையின் எடையை மாதந்தோறும் குறித்துவந்தால் அது குறைந்துகொண்டே வரும். எடை மாறாமல் நின்றால், மரத்தின் ஈரமும் ஊர்க்காற்றின் ஈரமும் சமநிலையை அடைந்துவிட்டன என்று பொருள். அதன்பின் செய்யும் கதவு மழைக்காலத்தில் இறுகாது. கோடையில் விரிசல் விடாது.

புயல் தந்த மரம்

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே உள்ள பண்ருட்டிப் பகுதியில் பலா மரங்களும் முந்திரி மரங்களும் பெருமளவில் சாய்ந்தன. பண்ருட்டிப் பலா, பழத்துக்கு மட்டும் பெயர் பெற்றதன்று. அதன் முற்றிய மரம் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் உரியது. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் ஆனது. ஒரே மரத்துண்டில் குடைந்து எடுக்கும் வீணையை ‘ஏகாந்த வீணை’ என்பர். அத்தகைய வீணைக்குப் பருத்து முற்றிய மரம் வேண்டும். தாத்தா நட்ட பலா பேரன் காலத்தில்தான் இசைக்கருவிக்கு ஏற்றதாகிறது. ஓர் இரவில் சாய்ந்த தோப்பு, உழவருக்குப் பல தலைமுறைகளின் இழப்பு. அம்மரங்களும் விறகானால் அவ்விழப்பு இருமடங்காகும்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று ‘கஜா’ புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது காவிரிப் படுகையின் தென்னந்தோப்புகள் அழிந்தன. தென்னை புறக்காழ் உடையது. அதை அறுக்கும் முறையும் வேறு. ஒரே நேரத்தில் எண்ணற்ற மரங்கள் வீழும்போது அறுக்கும் ஆளும் இல்லை, இயந்திரமும் போதவில்லை, வாங்குவோரும் இல்லை. மரத்தின் விலை வீழ்கிறது. அதை அப்புறப்படுத்தும் செலவு ஏறுகிறது. புயலுக்குப் பின்னரான முதல் மாதங்களில் மரத்தைக் காத்துவைக்கும் வழி தெரிந்தால்தான் இந்நெருக்கடியைக் கடக்க முடியும்.

உலகில் அதற்கு முன்மாதிரி உண்டு. 2005ஆம் ஆண்டு சனவரியில் சுவீடன் நாட்டைத் தாக்கிய ‘குத்ருன்’ புயல் ஏறத்தாழ 7.5 கோடி கன மீட்டர் மரத்தை ஒரே இரவில் சாய்த்தது. அத்தனை மரத்தையும் உடனே அறுக்க எந்த நாட்டாலும் முடியாது. எனவே, மரங்களில் ஒரு பெரும்பகுதியை மலைபோல் குவித்து, அவற்றின்மீது இடைவிடாமல் நீரைத் தெளித்தனர். நீரில் நனைந்த மரத்துக்குள் காற்று புகாது. காற்று இல்லாத இடத்தில் மரத்தை அரிக்கும் பூஞ்சையும் வண்டும் வாழ முடியாது. இவ்வாறு காத்த மரங்களைப் பின்னர்ச் சிறிது சிறிதாக அறுத்துப் பயன்படுத்தினர். உலர வேண்டிய பலகைக்கு நீர் பகை. அறுக்கக் காத்திருக்கும் மரத்துக்கு அதே நீர் காவல்.

காட்டு மரமும் வீட்டு மரமும்

வீழ்ந்த மரம் எல்லாம் பலகையாக வேண்டும் என்பதன்று. கல்வராயன் மலையின் காப்புக்காடுகளில் சாய்ந்து கிடக்கும் மரம், காட்டின் வாழ்வில் ஒரு பகுதி. அதன் பொந்தில் பறவை முட்டையிடும். அதன் அடியில் ஈரம் தங்கும். மக்கி மண்ணாகும்போது அடுத்த தலைமுறை விதைகளுக்கு அது உரமாகும். காப்புக்காட்டில் உள்ள மரம், வீழ்ந்ததாயினும், 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டத்துக்கு உட்பட்டது. உரிய ஒப்புதல் இன்றி அதைத் தொடுவது குற்றமாகும். தனியார் நிலத்தில் நிற்கும் சந்தனம் போன்ற மரங்களை வெட்டுவதற்கும் வனத்துறையின் ஒப்புதல் தேவை. மரத்தை அறிந்தவர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால், வீட்டுக் கொல்லையிலும் வயல் வரப்பிலும் பள்ளி வளாகத்திலும் வீழும் மரத்தின் நிலை வேறு. அது அங்கே கிடந்து மக்குவதற்கு இடமில்லை. அகற்றியே ஆக வேண்டும். வேம்பு கதவுக்கும் நிலைக்கும் ஆகும். பூவரசு அறைகலன்களுக்கு ஆகும். வாகை எண்ணெய்ச் செக்குக்கும் சிற்பத்துக்கும் ஆகும். இந்த மரங்கள் ஒவ்வொன்றும் முறையாகப் பலகையானால், அந்த அளவுக்கு எங்கோ நிற்கும் ஒரு மரத்தை வெட்ட வேண்டிய தேவை குறையும். சிற்பிக்கும் தச்சருக்கும் தொலைவிலிருந்து விலை கொடுத்து வாங்காத, அருகிலேயே விளைந்த மரம் கிடைக்கும்.

இங்கேதான் ஒரு தட்டுப்பாடு உள்ளது. மரம் உண்டு, அதை வாங்கத் தச்சர் உண்டு. இடையில் நிற்க வேண்டிய அறிவு தேய்ந்து வருகிறது. குழிவாள் இழுத்தவர்களின் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். எந்த மரத்தை எப்போது துண்டிப்பது, எத்திசையில் அறுப்பது, எவ்வளவு காலம் உலர்த்துவது என்னும் அறிவு, பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படாமல் கையிலும் கண்ணிலும் வாழ்ந்தது. எழுதப்படாத அறிவு கற்பவர் இல்லாதபோது கற்பித்தவரோடு மறைந்துவிடும். ஊரின் முதிய தச்சர் ஒருவரிடம் இளைஞர் ஒருவர் அமர்ந்து கேட்கும் ஒரு மாலைப்பொழுது, அவ்வறிவுக்கு இன்னொரு தலைமுறை வாழ்வைத் தரும்.

கொல்லையில் சாய்ந்த அந்த வேப்பமரத்துக்கு மீண்டும் வருவோம். முனைகளில் மெழுகு பூசி, கோடு போட்டு அறுத்து, நிழலில் அடுக்கி, இரண்டு மழைக்காலங்கள் காத்திருந்தால் அது ஒரு கதவாகும். அந்தக் கதவைத் திறந்து மூடும் குழந்தைகள், அம்மரத்தின் நிழலைப் பார்த்திராதவர்களாக இருக்கலாம். ஆனாலும், மரம் அவர்கள் வீட்டில்தான் இருக்கும். அது நின்ற குழியில் நட்ட புதிய கன்று, சன்னலுக்கு வெளியே வளர்ந்துகொண்டிருக்கும்.

தெரிந்து தெளிவோம்: தச்சர் கைக்கருவிகள்

வாய்ச்சி – மரத்தின் மேற்பரப்பைச் செதுக்கிச் சமப்படுத்துவது
இழைப்புளி – பலகையை இழைத்து வழவழப்பாக்குவது
உளி – துளையிடவும் செதுக்கவும் பயன்படுவது
கொட்டாப்புளி – உளியைத் தட்ட உதவும் மரச்சுத்தி
மூலைமட்டம் – செங்கோணத்தைச் சரிபார்ப்பது

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உள்ள தச்சர் அல்லது மரவாடித் தொழிலாளி ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் திரட்டி அகரவரிசையில் தொகுக்க.
2. உங்கள் பள்ளி வளாகத்தில் உள்ள மரங்களை அகக்காழ் உடையவை, புறக்காழ் உடையவை எனப் பிரித்து அட்டவணைப்படுத்துக.
3. மரங்களில் ஆணி அடிப்பதைத் தடுக்க வேண்டி உங்கள் ஊராட்சித் தலைவருக்கு விண்ணப்பம் ஒன்றை எழுதுக.

குறுவினா

1. அகக்காழ், புறக்காழ் – விளக்குக.
2. துண்டித்த மரத்தின் முனைகளில் மெழுகு பூசுவது ஏன்?

சிறுவினா

1. ‘உலர வேண்டிய பலகைக்கு நீர் பகை, அறுக்கக் காத்திருக்கும் மரத்துக்கு அதே நீர் காவல்’ – இக்கூற்றைச் சான்றுடன் விளக்குக.
2. 60 அங்குலச் சுற்றளவும் 12 அடி நீளமும் உடைய மரத்தின் கன அளவைக் கால்சுற்றளவு முறையில் கணக்கிடுக.

நெடுவினா

1. ‘புவிசார் குறியீடு கலையின் பெயரைக் காக்கும், கலையைக் காப்பது அறிவே’ – கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தை முன்வைத்துக் கட்டுரை வரைக.